சூட்டில் சுருங்கும் பாலிமரும் சோப்பு மூலக்கூறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் முதுகலை மாணவர்கள், பெயின்ட், ஷாம்பு தயாரிப்பில் இருக்கும் நண்பர்கள், கல்லூரிகளில் பேசப் போனால் பின்வரிசையில் இருந்து கை தூக்குபவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான். ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பலகையில் அதே படத்தை வரைந்து காட்டுவதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முன்னால் இருப்பவை எளிது. போகப் போகச் சிக்கல் கூடும்.

1. வெப்ப உணர்வுள்ள பாலிமர்னா என்ன சார்? சூடு பண்ணினா எல்லாப் பொருளும்தானே மாறுது?

மாறும்தான். ஆனால் மற்றவை கொஞ்சம் கொஞ்சமாக மாறும். நாம் பேசும் பாலிமர்கள் (சிறு கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் ஓரிரு டிகிரிக்குள் தண்ணீரோடு இருந்த உறவையே முறித்துக்கொள்ளும். இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது பாலி(என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு). ஆய்வகத்தில் சுருக்கமாக 'பிநைபாம்' என்போம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். கனடாவின் ஹெஸ்கின்ஸ், கில்லெட் என்ற இருவர் 1968-ல் இதன் கரைசல் 32 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பிரிவதை விரிவாக எழுதினார்கள். அங்கிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது.

நேரில் பார்த்தால் மறக்காது. லிட்டருக்கு 10 கிராம் கரைத்த பிநைபாம் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். கோடை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியில் இருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குப்பியைக் காட்டினால் போதும். முதலில் கண்ணாடியை ஒட்டி ஒரு புகை தெரியும், அடுத்த சில நொடிகளில் முழுவதும் பால் மாதிரி வெளுத்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் மறுபடி தெளிந்துவிடும். எத்தனை முறை செய்தாலும் இதேதான்.

2. சர்க்கரை சூட்டுல நல்லா கரையுது. இது மட்டும் ஏன் சூட்டுல பிரியுது?

பிநைபாம் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு குணங்கள் இருக்கின்றன. அமைடு பகுதி தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஐசோபுரோப்பைல் பகுதி எண்ணெய்த்தன்மை கொண்டது. அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிணைப்பை இழக்காமல் இருக்க ஒழுங்காக அணிவகுத்து நிற்க வேண்டியிருக்கிறது. குளிரில் இந்த ஏற்பாடு தாங்கும், ஏனென்றால் பிணைப்புகளால் கிடைக்கும் ஆற்றல் லாபம் பெரிது. வெப்பநிலை ஏற ஏற, அணிவகுப்பில் சிக்கிய நீரின் சுதந்திர இழப்பு, அதாவது என்ட்ரோப்பி இழப்பு, கணக்கில் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் நீரை விடுவித்துவிட்டுச் சங்கிலி தனக்குள் சுருண்டுகொள்வதே லாபம் என்றாகிவிடும்.

விரிந்த நூல் உருண்டையாவது முதல் படி. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வது இரண்டாம் படி. நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது இரண்டாவதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 9-ஆம் கேள்வியில் இது தேவைப்படும்.

3. எல்லா இடத்திலும் 32 டிகிரின்னு போட்டிருக்கு. எனக்கு மட்டும் 34 வருது. தப்பு பண்றேனா?

தப்பு இல்லாமலும் இருக்கலாம். 32 என்பது தூய தண்ணீரில், ஓரளவு நீளமான சங்கிலிக்குக் கிடைக்கும் எண். குட்டைச் சங்கிலியாக இருந்தால் நுனியில் இருக்கும் வேதிக்குழுவே எண்ணைத் தூக்கவோ இறக்கவோ செய்யும். அக்ரிலிக் அமிலம் போன்ற நீர்விரும்பும் துணைக்கண்ணி கொஞ்சம் கலந்திருந்தால் எண் கூடும். பியூட்டைல் மெத்தாக்ரிலேட் போன்ற எண்ணெய்த்தன்மை உள்ளது கலந்தால் குறையும். நியூட்ரான் சோதனைக்காகக் கனநீரில் கரைத்திருந்தாலும் சற்றுக் கூடும்.

அளக்கும் விதமும் முக்கியம். நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மேல் வேகமாகச் சூடாக்கினால், வாட்டர் பாத் காட்டும் எண்ணும் கியூவெட்டுக்குள் (ஒளி ஊடுருவலை அளக்கும் சிறு கண்ணாடிக் கலத்துக்குள்) இருக்கும் கரைசலின் உண்மை வெப்பநிலையும் ஒன்றாக இருக்காது. வெப்பமானியைக் கரைசலுக்குள்ளேயே வையுங்கள். அப்புறம், ஒளி ஊடுருவல் குறையத் தொடங்கும் இடத்தை எடுத்தீர்களா, பாதியாகும் இடத்தை எடுத்தீர்களா என்று எழுதி வையுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் 34 வந்தால், மாதிரியில் சோப்பு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பற்றி 10-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

4. சர்ஃபாக்டன்ட்னா சோப்புதானே?

சோப்பு அதில் ஒரு வகை. ஒரு முனையில் தண்ணீரை விரும்பும் தலை, மறுமுனையில் தண்ணீரை வெறுக்கும் நீண்ட வால் உள்ள எந்த மூலக்கூறும் சர்ஃபாக்டன்ட்தான். பாடநூலில் பரப்பு இயக்கி என்று வரும். இந்தப் பக்கத்தில் அதிகம் வரப்போவது சோடியம் டோடெசைல் சல்ஃபேட். பற்பசையில் நுரை வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சுருக்கமாக எஸ்டிஎஸ் என்கிறேன். இதன் தலைக்கு எதிர்மின்சுமை. நேர்மின்சுமைத் தலை உள்ள சிடிஏபி, மின்சுமையே இல்லாத டிரைட்டான் எக்ஸ்-100 ஆகியவையும் இடையிடையே வரும்.

தண்ணீரில் எஸ்டிஎஸ் கொஞ்சமாக இருக்கும்போது மூலக்கூறுகள் தனித்தனியே திரியும், மேற்பரப்பில் போய் நிற்கும். சுமார் 8 மில்லிமோலார் செறிவைத் தாண்டினால் வால்களை உள்ளே வைத்து, தலைகளை வெளியே காட்டி, கூட்டமாகத் திரளும். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் மைசெல். அது தொடங்கும் செறிவை மைசெல் செறிவு என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம்.

5. ரெண்டையும் ஒண்ணா போட்டா என்ன நடக்கும்?

எஸ்டிஎஸ் தனியாக மைசெல் கட்ட 8 மில்லிமோலார் தேவை என்றேன். பிநைபாம் கூட இருந்தால் 1 மில்லிமோலாருக்குச் சற்றுக் கீழேயே சங்கிலியின் மேல் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். காரணம் எளிது. சங்கிலியின் எண்ணெய்த்தன்மை உள்ள பகுதிகள் வால்களுக்கு ஒதுங்க இடம் கொடுக்கின்றன. மைசெல்லின் வெளிப்பரப்பில் நெருக்கியடிக்கும் எதிர்மின்சுமைத் தலைகளுக்கு நடுவே பாலிமர் துண்டுகள் புகுந்து அந்த நெருக்கடியைக் குறைக்கின்றன. அதனால் பாலிமரோடு சேர்ந்து கட்டும் மைசெல்லுக்குச் செலவு குறைவு.

நூலில் கோத்த மணிமாலையைக் கற்பனை செய்யுங்கள். நூல் பாலிமர், மணி ஒவ்வொன்றும் ஒரு சிறு மைசெல். பாலிஎத்திலீன் ஆக்சைடு, எஸ்டிஎஸ் ஜோடியில் காந்த ஒத்ததிர்வும் நியூட்ரான் சிதறலும் கொண்டு பிரான்சின் கபேன் 1970-களின் இறுதியிலும் 80-களின் தொடக்கத்திலும் காட்டிய படம் இது. பிநைபாமுக்கும் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை.

6. பால் மாதிரி ஆன கரைசல்ல எஸ்டிஎஸ் விட்டதும் தெளிஞ்சிடுச்சு. பாலிமர் உடைஞ்சு போச்சா?

இல்லை, ஒரு பிணைப்பும் உடையவில்லை. இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை, அதனால் என் மேசையில் இதைச் செய்தே காட்டுவேன். லிட்டருக்கு 1 கிராம் பிநைபாம் கரைசலை 40 டிகிரியில் கலக்கியபடி வைத்தால் வெள்ளையாக இருக்கும். செறிவாகக் கரைத்து வைத்த எஸ்டிஎஸ் ஸ்டாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டுகளில் ஒன்றும் தெரியாது. பிறகு வெள்ளை மெல்ல நீலம் கலந்த சாம்பலாகும், ஓரத்தில் இருந்து வெளிச்சம் புகும். பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரின் எண்கள் குப்பி வழியாகத் தெரிய ஆரம்பிக்கும். சில மில்லிமோலார் வந்ததும் தெளிந்த தண்ணீர்தான். வெப்பநிலை அதே 40.

மணிமாலையின் ஒவ்வொரு மணியும் எதிர்மின்சுமை சுமக்கிறது. ஒரே சங்கிலியில் அடுத்தடுத்த மணிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அது சுருள மறுக்கும். பக்கத்துச் சங்கிலியும் அதே சுமையோடு வருவதால் இரண்டும் ஒட்டிக்கொள்ளவும் மறுக்கும். சுருள வேண்டும் என்ற 2-ஆம் கேள்வியின் விருப்பம் அப்படியேதான் இருக்கிறது. அதை மின்விலக்கம் அடக்கி வைத்திருக்கிறது. எனவே மாறும் வெப்பநிலை, அதாவது கரைசல் வெளுக்கத் தொடங்கும் வெப்பநிலை, மேலே நகர்கிறது. அமெரிக்காவில் ஷில்ட், டிரெல் இருவரும் 1991-ல் வெவ்வேறு வால் நீளமுள்ள ஆல்கைல் சல்ஃபேட்டுகளை வைத்து இதை ஒழுங்காக அளந்து காட்டினார்கள்.

7. அப்போ எந்த சர்ஃபாக்டன்ட் போட்டாலும் வெப்பநிலை ஏறுமா?

ஏறாது. எஸ்டிஎஸ் போன்ற எதிர்மின்சுமை வகை வலுவாக ஏற்றும். சிடிஏபி போன்ற நேர்மின்சுமை வகைக்குப் பிடிப்பு குறைவு; பருத்த தலை ஒரு காரணம். அது பெரும்பாலும் தன் மைசெல் செறிவான 1 மில்லிமோலாரை நெருங்கிய பிறகுதான் வேலையைக் காட்டும். டிரைட்டான் போன்ற மின்சுமையற்றவை மாறும் வெப்பநிலையைப் பெரிதாகத் தொடுவதில்லை, ஏனென்றால் 6-ல் சொன்ன தள்ளுவிசையைக் கொடுக்க அவற்றிடம் சுமையே இல்லை.

வால் நீளமும் முக்கியம். வால் மிகக் குட்டையாக இருந்தால் அது சங்கிலியில் கூட்டம் கட்டாது. வெறும் உப்பு போலவே நடந்துகொள்ளும். உப்பு என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வி.

8. உப்பு போட்டா இன்னும் நல்லா தெளியுமா? அதுவும் அயனிதானே?

நேர் எதிர். சாதாரண உப்பு மாறும் வெப்பநிலையைக் கீழே இறக்கும். லிட்டருக்கு 1 மோல் சோடியம் குளோரைடில் ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும். அதாவது நம் ஊர் அறை வெப்பநிலையிலேயே கரைசல் வெள்ளையாக இருக்கும். உப்பின் அயனிகள் சங்கிலியில் போய் உட்கார்வதில்லை, சங்கிலியைச் சுற்றியுள்ள நீரின் மேல்தான் அவற்றின் வேலை. சல்ஃபேட் அயனி குளோரைடை விட இன்னும் வலுவாக இறக்கும். தயோசயனேட் குறைந்த அளவில் சற்றே ஏற்றவும் செய்யும். ஹாஃப்மைஸ்டர் வரிசை என்று புரத வேதியியலில் படித்தது இங்கும் அப்படியே வரும்.

எஸ்டிஎஸ்-உம் உப்பும் சேர்ந்து இருந்தால் கவனம் தேவை. உப்பு மணிகளின் சுமையை மறைத்துவிடும், அதனால் தள்ளுவிசை தூரம் போகாது. அதே நேரத்தில் எஸ்டிஎஸ்-இன் மைசெல் செறிவையும் குறைத்துவிடும், 0.1 மோலார் உப்பில் அது 8-ல் இருந்து சுமார் 1.5 மில்லிமோலாருக்கு வந்துவிடும். ஷாம்பு தயாரிப்பில் இருப்பவர்கள் பாகுத்தன்மைக்காக உப்பு சேர்ப்பார்கள். அதே கலவையில் வெப்ப உணர்வுள்ள பாலிமரையும் போட நினைத்தால், தூய தண்ணீரில் எடுத்த எண் எதுவும் அங்கே செல்லாது. உப்போடு சேர்த்துப் புதிதாக அளந்தே ஆக வேண்டும்.

9. 60 டிகிரி வரைக்கும் தெளிவாவே இருந்துச்சு. 'சங்கிலி சுருங்கவில்லை'ன்னு ரிப்போர்ட்ல எழுதலாமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். எழுதக் கூடாது. 2-ல் இரண்டு படிகள் சொன்னேன்: தனக்குள் சுருள்வது, பிறகு திரள்வது. ஒளி ஊடுருவல் கருவி பார்ப்பது இரண்டாவதை மட்டும்தான். கொஞ்சம் எஸ்டிஎஸ் இருக்கும்போது சங்கிலிகள் சுருண்டு, சில பல சேர்ந்து, சில பத்து நானோமீட்டர் அளவில் சிறு உருண்டைகளாக நின்றுவிடலாம். மேலே எதிர்மின்சுமை இருப்பதால் அவை மேலும் ஒட்டாது. அவ்வளவு சிறிய உருண்டை ஒளியை அதிகம் சிதறடிக்காது. கண்ணுக்குத் தெளிவு, உள்ளே சுருக்கம்.

எப்படிப் பிரித்தறிவது? விலை குறைந்த சோதனை: இருட்டில் லேசர் பாயின்டரை ஊடே செலுத்துங்கள். 25 டிகிரியில் கோடு மங்கலாகவும் 45-ல் பளிச்சென்றும் தெரிந்தால் உள்ளே ஏதோ சேர்ந்திருக்கிறது. உறுதியாகச் சொல்ல ஒளிச்சிதறலில் துகள் அளவை எடுங்கள், வெப்பக் கலோரிமானியிலும் ஓட்டுங்கள். தூய பிநைபாமில் ஒரு மோல் கண்ணிக்கு 5 முதல் 7 கிலோஜூல் வரை வெப்பம் உறிஞ்சும் கூர்மையான முகடு வரும். எஸ்டிஎஸ் சேர்க்கச் சேர்க்க அந்த முகடு வலப்பக்கம் நகரும், அகலும், தாழும். முகடு இருக்கும் வரை சுருக்கம் இருக்கிறது. முகடும் இல்லை, சிதறலும் மாறவில்லை என்றால்தான் 'சுருங்கவில்லை' என்ற சொல்லுக்கு உரிமை உண்டு. தெளிவை மட்டும் பார்த்திருந்தால் 'கரைசல் மங்கவில்லை' என்று எழுதுங்கள். அது உண்மை, அது போதும்.

10. மைக்ரோஜெல் பண்ணும்போது எஸ்டிஎஸ் போடுறோமே, அது பின்னாடி தொந்தரவு பண்ணாதா?

பண்ணும். சங்கிலிகளைக் குறுக்கே பின்னி, சில நூறு நானோமீட்டர் உருண்டைகளாகச் செய்வதுதான் மைக்ரோஜெல். பெல்டன், சிபான்ட் இருவரும் 1986-ல் தந்த வழி இன்றும் பயன்படுகிறது. 70 டிகிரியில் வளரும் சங்கிலி தானாகவே வெளியே படிந்து உருண்டையாகும். அந்த உருண்டைகளுக்குச் சுமை கொடுத்துச் சிறிதாகவே நிறுத்துவது எஸ்டிஎஸ். அதிகம் போட்டால் உருண்டை சிறிதாகும்.

வேலை முடிந்த பிறகு அதை எடுத்தே ஆக வேண்டும். சவ்வுப் பையில் கட்டி நீரில் மூழ்கவைத்து, சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது டயாலிசிஸ். ஒருமுறை நான் அதை இரண்டு நாளில் முடித்துவிட்டு, மாறும் வெப்பநிலை ஏன் மேலேயும் அகலமாகவும் வருகிறது என்று மூன்று வாரம் கருவியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பைக்கு வெளியே உள்ள நீரைத் தினம் மாற்றி இன்னும் ஒரு வாரம் விட்டதும் எண் தன் இடத்துக்கு வந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம்: வெளி நீரின் மின்கடத்துதிறனையும் பரப்பு இழுவிசையையும் அளப்பேன். இரண்டும் தூய தண்ணீருக்கு அருகில் வந்து நிலையாக நிற்கும் வரை பையைத் திறப்பதில்லை.

11. பரப்பு இழுவிசை வரைபடத்துல ஒரு முறிவு வரணும்னு படிச்சேன். எனக்கு ரெண்டு வருது, நடுவுல பள்ளம் வேற!

எஸ்டிஎஸ் செறிவைக் கூட்டக் கூட்டப் பரப்பு இழுவிசை எப்படி இறங்குகிறது என்று காட்டும் வரைபடம் இது. இரண்டு முறிவுக்குக் காரணம் 5-ல் இருக்கிறது. முதல் முறிவில் பாலிமரின் மேல் கூட்டம் சேரத் தொடங்குகிறது. அதன் பிறகு சேர்க்கும் எஸ்டிஎஸ் பெரும்பாலும் சங்கிலிக்குப் போவதால் மேற்பரப்பில் மாற்றம் குறைவு. சங்கிலி நிரம்பிய பின் சாதாரண மைசெல்கள் வரும் இடம் இரண்டாவது முறிவு. பாலிமரை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்: முதல் முறிவு ஏறத்தாழ அங்கேயே நிற்கும், இரண்டாவது வலப்பக்கம் நகரும். அப்படி நகர்ந்தால் உங்கள் விளக்கம் சரி.

பிநைபாமில் கூடுதல் சிக்கல், அதுவே மேற்பரப்பை விரும்பும் பொருள். சர்ஃபாக்டன்ட் இல்லாமலேயே தண்ணீரின் 72 மில்லிநியூட்டன்/மீட்டரை 40-களின் தொடக்கத்துக்கு இறக்கிவிடும். அதனால் வரைபடம் உயரத்தில் தொடங்கி அழகாக இறங்குவதில்லை. பள்ளத்தைப் பொறுத்தவரை முதலில் எஸ்டிஎஸ் பாட்டிலைப் பாருங்கள். பழைய எஸ்டிஎஸ் நீரால் சிதைந்து டோடெக்கனால் உருவாகியிருக்கும். அது மேற்பரப்பில் முந்திக்கொண்டு உட்கார்ந்து, மைசெல் வந்ததும் அதற்குள் கரைந்துபோகும். பள்ளம் அதனால் வருவது. எத்தனாலில் மறுபடிகமாக்கிவிட்டு, பாலிமர் இல்லாமல் ஒருமுறை அளந்து பார்த்த பிறகுதான் பாலிமரைக் குற்றம் சொல்லலாம்.

12. மெல்லிய படலம்னு சொல்றீங்களே, எந்தப் படலம்? சோப்புக் குமிழியா, கண்ணாடி மேல பூசுறதா?

ஆய்வகத்தில் இரண்டையும் 'மெல்லிய படலம்' என்றுதான் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான். ஒன்று, இருபுறமும் காற்று, நடுவில் தண்ணீர்: குமிழியின் சுவர். இன்னொன்று, திடப் பரப்பில் இருக்கும் பாலிமர் அடுக்கு. இதிலும் சும்மா பூசிக் காயவைத்தது வேறு, ஒரு நுனியை வேதியியலாகப் பரப்பில் கட்டி நிறுத்திய தூரிகை வேறு. யாராவது 'படலத்தில் அளந்தேன்' என்றால் முதலில் எந்தப் படலம் என்று கேட்டுவிடுங்கள்.

13. சோப்புக் குமிழிச் சுவருக்குள்ள பிநைபாம் இருந்தா குமிழி ரொம்ப நேரம் நிக்குமா?

எஸ்டிஎஸ் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. எஸ்டிஎஸ் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தால் இரு மேற்பரப்பிலும் பாலிமர் அடுக்காக உட்காரும், நீர் வடிவதைத் தாமதப்படுத்தும், சுவர்கள் நெருங்கும்போது சங்கிலிகளே இடித்துத் தடுக்கும். எஸ்டிஎஸ்-ஐக் கூட்டினால் சங்கிலி மணிமாலையாகி, சுமை ஏறி, முன்பை விட அதிகமாகத் தண்ணீரை விரும்பத் தொடங்கும். மேற்பரப்பை விட்டு உள்ளே போய்விடும், அந்த இடத்தில் எஸ்டிஎஸ் வந்து நிற்கும். காற்று-நீர் பரப்பில் இது நடப்பதை நியூட்ரான் எதிரொளிப்பு காட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு அது எஸ்டிஎஸ் குமிழிதான்; பாலிமர் உள்ளே இருந்து பாகுத்தன்மை மட்டும் தரும்.

கம்பி வளையத்தில் படலம் எடுத்து நிமிர்த்திப் பிடித்தால் வண்ணப் பட்டைகள் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். உச்சியில் வெள்ளி நிறம், அதற்கும் மேலே கண்ணாடியில் ஓட்டை விழுந்தது போலக் கறுப்பு. அந்தக் கறுப்பு ஓட்டை இல்லை, ஒளியலையை விட மிக மெலிந்துபோன சுவர். தூய எஸ்டிஎஸ் படலம் உப்புக் கரைசலில் 4, 5 நானோமீட்டர் வரை மெலியும். பாலிமர் சேர்த்த படலத்தில் பட்டைகள் இறங்குவது கண்ணுக்கே தெரியும்படி மெதுவாகும். இதற்குக் கருவி வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும்.

14. அப்போ சூடு பண்ணி நுரையையோ எண்ணெய்க் குழம்பையோ உடைக்கலாமா?

பிநைபாம் மைக்ரோஜெல் மட்டும் எண்ணெய்த் துளிகளைப் பிடித்திருக்கும் குழம்பை (எமல்ஷனை) மாறும் வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினால் உடைக்க முடியும்; அறை வெப்பநிலையில் அது மாதக்கணக்கில் நிற்கும். 2000-களின் நடுவில் இருந்து பல குழுக்கள் இதைச் செய்து காட்டியுள்ளன. ஆனால் அதில் நாலைந்து மில்லிமோலார் எஸ்டிஎஸ் கலந்துவிட்டால் சூடு வேலை செய்யாது. பரப்பில் இப்போது நிற்பது எஸ்டிஎஸ், அதற்கு 32 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. 'வெப்ப உணர்வுள்ள பாலிமர் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை' என்று வருபவர்களில் பாதிப் பேரின் கலவையில் காரணம் இதுதான்.

15. கண்ணாடித் தகட்டில் பூசின படலம் தண்ணியில வச்சதும் காணாமப் போச்சு!

குளிர்ந்த தண்ணீரில் பிநைபாம் கரையும் என்பதுதானே அதன் குணம். சுழற்றிப் பூசிக் காயவைத்த படலத்தைக் கட்டி வைக்க ஒன்றும் இல்லை. 40 டிகிரி நீரில் வைத்தால் கொஞ்ச நேரம் நிற்கும், எஸ்டிஎஸ் நீரில் வைத்தால் 6-ல் சொன்ன காரணத்தால் சூட்டிலும் கிளம்பிவிடும். படலம் நிலைக்க வேண்டுமென்றால் பென்சோபீனோன் குழு கொண்ட துணைக்கண்ணியைச் சேர்த்து, பூசிய பின் புற ஊதா ஒளியில் காட்டிப் பின்னுங்கள். அல்லது பரப்பில் இருந்தே சங்கிலியை வளருங்கள்.

பூசும் கரைசலிலேயே எஸ்டிஎஸ் கலக்க வேண்டாம் என்பது என் கருத்து. நனைப்பு நன்றாக வரும்தான். ஆனால் காயும்போது மிச்ச எஸ்டிஎஸ் மேலே ஏறிப் படிகமாகி, படலம் மூடுபனி விழுந்தது போல மங்கிவிடும்.

16. ஒழுங்கா கட்டி வச்ச படலத்துல மாறும் வெப்பநிலை அதே 32-ஆ? எஸ்டிஎஸ் அங்கயும் அப்படியே வேலை செய்யுமா?

32-ஐச் சுற்றித்தான் இருக்கும், ஆனால் கரைசலில் போல டக்கென்று நடக்காது. ஒரு நுனி கட்டுண்டு, பக்கத்தில் நெருக்கமாகச் சங்கிலிகள் நிற்பதால், சுருக்கம் பல டிகிரிக்குப் பரவி நடக்கும். சுருங்கிய பிறகும் படலம் முழுதாகக் காய்ந்துவிடாது, கணிசமான நீரை வைத்திருக்கும். இதைப் பார்க்க எலிப்சோமெட்ரியில் தடிமனும், குவார்ட்ஸ் படிக நுண்தராசில் ஈர எடையும் எடுப்போம்.

எஸ்டிஎஸ் உள்ளே புகுந்தால் கதை கரைசலில் நடந்ததுதான்: சுமை ஏறும், படலம் வீங்கும், சுருக்கம் மேல் வெப்பநிலைக்கு நகரும். இங்கே ஒரு நல்ல விஷயம் உண்டு. சங்கிலி எங்கும் ஓட முடியாததால், தூய தண்ணீரை ஓடவிட்டால் எஸ்டிஎஸ் மட்டும் கழுவிப் போகும். பழைய தடிமன் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நீங்கள் பார்த்த மாற்றம் எஸ்டிஎஸ்-ஆல் வந்தது. வராவிட்டால் படலத்தின் ஒரு பகுதியே கழன்றிருக்கிறது.

17. இந்தப் படலத்தால யாருக்காவது உபயோகம் உண்டா, இல்ல பேப்பர் போடத்தானா?

உண்டு. டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தெருவோ ஒகானோவின் குழு 1990 முதல் பிநைபாம் ஒட்டிய வளர்ப்புத் தட்டுகளை உருவாக்கியது. 37 டிகிரியில் படலம் சுருங்கி நிற்கும், செல்கள் ஒட்டி வளரும். தட்டைக் குளிரவைத்தால் படலம் நீரை உறிஞ்சி வீங்கும், செல்கள் முழு விரிப்பாக எழுந்து வரும். செல்களைப் பிரிக்க நொதி ஊற்றத் தேவையில்லை, அதனால் செல்களுக்கிடையே இருக்கும் பிணைப்பும் அடியில் அவை சுரந்த புரத அடுக்கும் அப்படியே இருக்கும். நோயாளியின் வாய் உட்தோலில் இருந்து வளர்த்த விரிப்பை அவரது சேதமடைந்த கருவிழிப் பரப்பில் வைத்த சிகிச்சை 2004-ல் வெளியானது.

இதில் தடிமன் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பது எனக்கு இன்னும் வியப்பு. பாலிஸ்டைரீன் தட்டில் 15 முதல் 20 நானோமீட்டர் இருந்தால் செல் ஒட்டும். 30-ஐ நெருங்கினால் 37 டிகிரியிலும் ஒட்டாது. அதே பாலிமர், அதே சூடு, பத்து நானோமீட்டர் வித்தியாசம்.

18. சூட்டில் கெட்டியாகிற ஜோடி ஒண்ணு இருக்காமே?

எத்தில் ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் என்ற பாலிமரோடு சில மில்லிமோலார் எஸ்டிஎஸ் கலந்தால், குளிரில் ஓடும் திரவம் சூட்டில் களியாகும். சுவீடனின் லுண்டில் கார்ல்சன், கார்ல்ஸ்ட்ரோம், லிண்ட்மன் குழு 1990-ல் இதை விளக்கியது. சூட்டில் பாலிமர் எண்ணெய்த்தன்மை ஏறி மணிகளை இன்னும் விரும்புகிறது. ஒரே மணியை இரண்டு சங்கிலிகள் பகிர்ந்துகொள்ளும்போது அது முடிச்சாகிறது. சுமை இருப்பதால் மொத்தமும் பிரிந்து படியாமல் வலையாக நிற்கிறது. எஸ்டிஎஸ் குறைந்தால் பாலிமர் பிரிந்துவிடும், கூடினால் ஒவ்வொரு சங்கிலிக்கும் தனி மணி கிடைத்து முடிச்சு அவிழும். நடுவில் ஒரு குறுகிய இடைவெளியில் மட்டும்தான் களி.

19. வீட்டுக்குப் போகும்போது தெளிவா இருந்த கரைசல், காலையில வந்து பார்த்தா கீழ வெள்ளையா படிஞ்சிருக்கு. ராத்திரி முழுக்க ஏசி ஓடுச்சு, சூடே இல்லையே?

அது பாலிமர் இல்லை, சர்ஃபாக்டன்ட். அயனி சர்ஃபாக்டன்ட்டுகளுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு, கிராஃப்ட் வெப்பநிலை என்பார்கள். அதற்குக் கீழே போனால் மைசெல்லாக நிற்காமல் படிகமாகிவிடும். எஸ்டிஎஸ்-க்கு அது சுமார் 16 டிகிரி, சிடிஏபி-க்கு 25-ஐ ஒட்டி. ஏசியை 18-ல் வைத்தால் சிடிஏபி ஸ்டாக் நிச்சயம் படியும், ஃபிரிட்ஜில் வைத்தால் எஸ்டிஎஸ்-உம் படியும். நம் அறைகளில் இரண்டு பக்கமும் ஆபத்து: மின்சாரம் போன மதியத்தில் பிநைபாம் வெளுக்கும், ஏசி ஓடிய இரவில் சிடிஏபி படியும்.

எது என்று தெரிய குப்பியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சர்ஃபாக்டன்ட் படிகம் ஊசியாகவோ தகடாகவோ மினுமினுக்கும், உள்ளங்கைச் சூட்டில் கரையும். பாலிமர் என்றால் மினுக்கம் இருக்காது, சூட்டில் கூடும். படிகமாக இருந்தால் குப்பியை 30 டிகிரி நீரில் வைத்து முழுதாகக் கரைத்து, நன்றாகக் கலக்கிய பிறகே பிப்பெட்டை உள்ளே விடுங்கள். மேலே தெளிந்த பகுதியில் இருந்து எடுத்துவிட்டால் லேபிளில் எழுதிய செறிவு பொய்யாகிவிடும், அன்றைய அளவீடு மொத்தமும் வீண்.